அக்காவின் கண்ணுக்கு ஒரு விசைப்பலகை

நேற்று ராத்திரி அக்கா 14 நிமிடத்தில் ஏழு வரி எழுதி முடித்தாள். கண்ணால். இடையில் ஒரு தடவைகூட நான் எழுந்து போய்க் கேமராவைத் தொடவில்லை. எட்டு மாதமாக ஏங்கியது இதற்குத்தான். எது எங்கே சொதப்பியது, எப்படிச் சரியானது என்பதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது சில மாதங்கள் மிச்சமாகும்.

அக்காவுக்கு மோட்டார் நியூரான் நோய். கை, கால், பேச்சு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. இந்த நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் மற்ற தசைகளைவிட நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். இதுவரை எங்களுக்குக் கைகொடுத்தது ஓர் அக்ரிலிக் பலகை. அதில் எழுத்துகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டி, அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் பிடிப்பேன். அவள் எந்தக் கொத்தைப் பார்க்கிறாள் என்று மறுபக்கத்திலிருந்து நான் படிக்க வேண்டும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் பலகையைப் பிடிக்க ஆள் இல்லாத நேரத்தில் அவளுக்குச் சொல் இல்லை.

முதல் முயற்சி லேப்டாப்பிலேயே இருக்கும் வெப்கேம். கூகுளின் மீடியாபைப் நிரல் முகத்தில் 468 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். ஐரிஸையும் (கண்பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) சேர்த்துக் கேட்டால் 478 தரும். ஒரே மாலையில் கர்சர் அசைய ஆரம்பித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மூன்று வாரம் வீணாகப் போயிற்று. திரையின் இடது பாதியா, வலது பாதியா என்று சொல்லும். அதற்கு மேல் எவ்வளவு முட்டினாலும் துல்லியம் வரவில்லை.

நான்காவது வாரம்தான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். என் வெப்கேமின் கோணம் சுமார் 60 டிகிரி. 60 செ.மீ. தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் 69 செ.மீ. அடங்குகிறது. படம் 640 பிக்ஸல் என்றால் ஒரு செ.மீ.க்கு 9 பிக்ஸல். ஐரிஸின் விட்டம் பெரியவர்கள் எல்லோருக்கும் 12 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும், ஆக மொத்த ஐரிஸும் 11 பிக்ஸல். கண் ஒரு டிகிரி திரும்பினால் கண்பாவை நகர்வது 0.2 மி.மீ. அளவு, படத்தில் அது கால் பிக்ஸல்கூட இல்லை. லேப்டாப் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்வை ஓடினாலும் கேமராவுக்குத் தெரிவது ஆறே பிக்ஸல் அசைவு. அந்த ஆறு பிக்ஸலை எந்த ஃபில்டரில் போட்டு அலசினாலும் நாற்பது விசையாகப் பிரிக்க முடியாது.

கேமரா, லென்ஸ், விளக்கு

2009-ல் வந்த ஐரைட்டர் திட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெம்ப்ட் ஒன் என்ற கிராஃபிட்டி ஓவியருக்கு ஏஎல்எஸ் (மோட்டார் நியூரான் நோயின் ஒரு வகை) வந்து கண் மட்டுமே மிஞ்சியபோது, அவர் மறுபடி வரைவதற்காக நண்பர்கள் செய்த கருவி. அதன் முதல் வடிவத்தில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் கம்பி கட்டி, கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கண் படத்தை நிறைத்துவிடுவதால் துல்லியம் சுலபமாக வரும். அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. மூச்சுக்கருவியின் மாஸ்க் மூக்கை ஏற்கனவே அழுத்திக்கொண்டிருக்கிறது. இன்னொரு சட்டத்துக்கு இடமில்லை. கேமரா தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

அதனால் லென்ஸ் மாற்றக்கூடிய யுஎஸ்பி கேமரா போர்டு ஒன்று வாங்கினேன். 1/2.7 அங்குல சென்சார், 1920 பிக்ஸல் அகலம், நொடிக்கு 30 ஃபிரேம். கூடவே வந்த அகலக்கோண லென்ஸைக் கழற்றிவிட்டு 16 மி.மீ. எம்12 லென்ஸ் போட்டதும் 60 செ.மீ. தூரத்தில் படத்தின் அகலம் 21 செ.மீ.யாகச் சுருங்கியது. இரண்டு கண்ணும் உள்ளே இருக்கும், தலை கொஞ்சம் அசையவும் இடம் உண்டு. ஐரிஸ் 100 பிக்ஸலைத் தாண்டியது. ஒன்று சொல்ல வேண்டும்: இந்த லென்ஸில் ஃபோகஸ் என்பது மரையைத் திருகுவதுதான். கால் சுற்று தவறினாலும் கண்பாவையின் விளிம்பு கரைந்துவிடும். அளந்து வைத்துவிட்டுப் பக்கத்துத் திருகை முடுக்கிவிடுங்கள். நான் முடுக்காமல் விட்டு, துடைக்கும்போதெல்லாம் மாறிப்போய், இரண்டு நாள் காரணம் தெரியாமல் தேடினேன்.

அடுத்தது அகச்சிவப்பு ஒளி. அறை வெளிச்சத்தில் கரிய விழிகளில் கண்பாவைக்கும் ஐரிஸுக்கும் எல்லை தெரியாது. அகச்சிவப்பில் ஐரிஸ் சாம்பல் நிறமாக வெளுத்து, கண்பாவை மட்டும் கன்னங்கரேலென்று தனித்து நிற்கும். அதற்குக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடிச் சில்லை நீக்கி, சாதாரண ஒளியைத் தடுக்கும் ஒன்றை வைக்க வேண்டும். பழைய ஃபிலிம் நெகட்டிவின் கறுத்த முனை போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வீட்டில் கிடந்த நெகட்டிவை இரண்டு துண்டாக வெட்டி வைத்தேன். படம் முழுக்க இருட்டு. எல்இடியைச் சந்தேகித்தேன், போர்டைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் அது கறுப்பு-வெள்ளை ஃபிலிம். அதில் இருப்பது வெள்ளித்துகள், அகச்சிவப்பையும் மறைத்துவிடும். கலர் ஃபிலிமில் இருப்பது சாயம், அதன் வழியே அகச்சிவப்பு போய்விடும். கலர் நெகட்டிவ் முனை இரண்டு அடுக்கு வைத்ததும் படம் வந்தது.

எல்இடி 850 நானோமீட்டர் எடுத்தேன். 940 வாங்கினால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் சென்சாருக்கும் பாதி தெரியாது. 850-ல் ராத்திரி மங்கலான சிவப்புப் புள்ளி தெரிகிறது. இரண்டு நாளில் அக்காவுக்குப் பழகிவிட்டது. முதலில் மூன்று எல்இடியைத் தொடராக இணைத்து 5 வோல்ட் யுஎஸ்பியில் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட் எடுத்துக்கொள்ள, மின்தடைக்கு மிச்சம் அரை வோல்ட்தான். யுஎஸ்பி கொஞ்சம் தொய்ந்தாலே வெளிச்சமும் தொய்ந்தது. இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் 100 ஓம் போட்டதும் 20 மில்லியாம்ப் நிலையாக நின்றது. மொத்தம் நான்கு ஜோடி.

மணிக்கணக்கில் ஒருவர் கண்ணில் படப்போகிற ஒளி இது. அதனால் இந்தக் கணக்கை மட்டும் மூன்று தடவை போட்டேன். நெடுநேரம் கண்ணில் படும் அகச்சிவப்புக்கு ஐஇசி 62471 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட். என் எல்இடியின் டேட்டாஷீட்படி 20 மில்லியாம்ப்பில் ஸ்டெரேடியனுக்கு (ஒளி விரியும் திண்மக் கோணத்தின் அலகு) 40 மில்லிவாட். 60 செ.மீ. தூரத்தில் எட்டும் சேர்ந்து 0.09 மில்லிவாட் வருகிறது. வரம்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. வெளிச்சம் போதவில்லை என்று மின்னோட்டத்தை ஏற்றத் தோன்றும்போதெல்லாம் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் எண்கள் வேகமாக ஏறும்.

எல்இடி இருக்கும் இடத்திலும் ஒரு தவறு செய்தேன். லென்ஸைச் சுற்றியே ஒட்டினேன். ஃபிளாஷ் போட்டோவில் கண் சிவக்குமே, அதே சமாச்சாரம்: ஒளி விழித்திரையில் பட்டு வந்த வழியே திரும்பி, கண்பாவை வெள்ளையாக ஒளிர்ந்தது. தலை கொஞ்சம் நகர்ந்தால் கறுப்பு, திரும்பி வந்தால் வெள்ளை. என் நிரல் கறுப்பை மட்டும் தேடிக்கொண்டிருந்தது. லென்ஸிலிருந்து இரு பக்கமும் 15 செ.மீ. தள்ளி வைத்ததும் கண்பாவை எப்போதும் கறுப்பாகவே நின்றது. கார்னியாவின் (விழியின் முன்பக்கத்துத் தெளிவான படலம்) மேல் இரண்டு ஒளிப்புள்ளிகள், இடையே சுமார் 17 பிக்ஸல். அந்தப் புள்ளிகளிலிருந்து கண்பாவையின் மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத்தான் பார்வையாக மாற்றுகிறேன்.

மவுண்ட்

ஒன்பது புள்ளி கேலிப்ரேஷன். திரையில் ஒவ்வொரு புள்ளியாகக் காட்டி, அக்கா பார்க்கப் பார்க்கப் பதிந்து, இரண்டாம் படிச் சமன்பாடு ஒன்றில் பொருத்துவது. கிடைமட்டத்துக்கு ஆறு கெழு, செங்குத்துக்கு ஆறு கெழு. முடித்த உடனே பிழை ஒரு டிகிரிக்குள், 60 செ.மீ.யில் அது திரையில் ஒரு செ.மீ. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பிழை மூன்று டிகிரி. இருபது நிமிடத்தில் அவள் ‘க’ பார்த்தால் ‘ச’ விழுந்தது.

இங்கேதான் அதிக நாள் தொலைத்தேன். குறை கணக்கில்தான் என்று நம்பி, கால்மன் ஃபில்டர், தலை அசைவுக்கு ஈடு, சமன்பாட்டுக்கு மூன்றாம் படி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஐந்து வாரம். ஒரு நாள் அம்மா அக்காவின் கட்டில் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். அப்போது நான் திரையைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை மெதுவாக அமுங்குகிறது. அக்காவின் தலை ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. என்று இறங்குகிறது. திரையோ சக்கரம் வைத்த மேசைமேல், யாராவது நடந்தால்கூட லேசாக ஆடிக்கொண்டு நிற்கிறது. கேமரா அந்த மேசையிலேயே வேறொரு முக்காலியில். மூன்று பொருளும் மூன்று திசையில் நகர்ந்துகொண்டிருக்க, நான் சமன்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேசையையும் முக்காலியையும் தூக்கிப் போட்டேன். 24 அங்குல மானிட்டரின் பின்பக்கத் துளைகளில் அலுமினியச் சட்டம் ஒன்றை முடுக்கி, கேமராவும் எல்இடிகளும் மானிட்டரின் கீழ் விளிம்போடு ஒரே உடலாக நிற்கும்படி செய்தேன். அதைத் தாங்கும் கையைக் கட்டிலின் தலைப்பக்கச் சட்டத்திலேயே கிளாம்ப் போட்டுப் பிடித்தேன். தலைப்பக்கம் உயர்ந்தால் திரையும் கூடவே உயரும். தலைக்குச் சாதாரணத் தலையணைக்குப் பதில் இரு பக்கமும் அணை கொடுக்கும் கெட்டியான ஃபோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் திரையின் பெரும்பகுதியில் பிழை ஒன்றரை டிகிரியைத் தாண்டவில்லை. ஐந்து வாரத்தில் எழுதிய நிரலில் முக்கால்வாசியை அன்றே அழித்தேன். மிஞ்சியது ஒன் யூரோ ஃபில்டர் மட்டும். 2012-ல் வந்தது, சில வரிகள்தான். கண் நிலைத்திருக்கும்போது நடுக்கத்தை அடக்கும், தாவும்போது பின்தங்காது.

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்தத் தாங்கு கைக்கே போயிற்று. கேமரா, லென்ஸ், எல்இடி எல்லாம் சேர்ந்தும் அதில் பாதி வராது. மறுபடி தொடங்கினால் முதல் பொருளாகக் கையைத்தான் வாங்குவேன். மலிவான கை இரண்டை முதலில் வாங்கி, இரண்டும் மானிட்டரின் எடைக்குத் தொங்கிப்போன செலவையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு சில்லறைத் தொல்லைகள். காலை வெயில் ஜன்னல் வழியாக முகத்தில் பட்டால் அதிலிருக்கும் அகச்சிவப்பில் ஒளிப்புள்ளிகள் முழுகிவிடும். கனமான திரைச்சீலைதான் வழி. அக்காவின் படிக்கும் கண்ணாடியில் எல்இடியின் பிரதிபலிப்பு கண்பாவையையே மறைத்தது. விசைகள் பெரிதாக இருப்பதால் கண்ணாடியில்லாமலே அவளால் படிக்க முடிந்தது.

எழுத்து

கர்சரைக் காட்டியது தவறு. பிழை காரணமாகக் கர்சர் பார்வையிலிருந்து அரை செ.மீ. தள்ளி நிற்கும், கண் தானாக அதைப் பார்க்கப் போகும், உடனே அது இன்னும் அரை செ.மீ. நகரும். அக்கா பலகையில் எழுத்தெழுத்தாகக் காட்டிச் சொன்னாள்: “தம்பி, அது ஓடுது.” கர்சரை எடுத்துவிட்டேன். பார்க்கும் விசை மட்டும் நிறம் மாறும்.

எதைப் பார்த்தாலும் அழுத்தியதாகிவிடும் தொல்லையை, தொட்டதெல்லாம் பொன்னாகிப்போன மைடாஸ் ராஜாவின் கதையை வைத்து, மைடாஸ் தொடுகை என்பார்கள். 1990-லேயே ராபர்ட் ஜேக்கப் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரில் எழுதிவிட்டார். கண் பார்ப்பதற்கென்று இருக்கிறது, அதையே விரலாகவும் ஆக்குகிறோம். இமைத்தால் அழுத்தம் என்று வைத்துப் பார்த்தேன். அக்காவின் இமை களைத்துவிட்டது, இயல்பான இமைப்பும் எழுத்தாக விழுந்தது. கடைசியில் உற்றுப்பார்க்கும் நேரம்தான். 400 மில்லி நொடி வைத்தேன், தேடும்போதே எழுத்துகள் கொட்டின. 1000 வைத்தேன், ஒவ்வொரு எழுத்துக்கும் முறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 800-ல் தொடங்கி, பத்து நாளில் அவளே 650-க்குக் குறைக்கச் சொன்னாள். நேரம் ஓடுவதைக் காட்ட விசையைச் சுற்றி வளையம் நிரம்பும்படி வைத்திருந்தேன். அவள் கண் வளையத்தோடு சேர்ந்து விளிம்புக்குப் போய், பக்கத்து விசைக்கு வழுக்கியது. வளையம் நடுவை நோக்கிச் சுருங்குகிற மாதிரி மாற்றினேன். கண்ணும் நடுவுக்கு வந்தது.

தயாராகக் கிடைக்கும் கண் விசைப்பலகையான ஆப்டிகீயை முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஜூலியஸ் ஸ்வீட்லேண்ட் 2015-ல் இலவசமாக வெளியிட்ட நிரல், இந்த வேலையில் இறங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் அக்காவின் பிழை அளவுக்கு ஏற்ற விசை அளவில், தமிழ் எழுத்தின் கணக்குக்கே பொருந்துகிற ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

247 எழுத்தையும் திரையில் பரப்ப முடியாது. தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை முறையின் வழியில் போனேன். 24 அங்குலத் திரையை எட்டுப் பத்தி, ஐந்து வரிசையாகப் பிரித்தால் ஒரு விசை சுமார் ஆறு செ.மீ. வரும். மேல் வரிசையில் பாதி, எழுதியது தெரியும் பெட்டி. மீதியில் பேசு, அழி, ஓய்வு, அடுத்த பக்கம். கீழே நான்கு வரிசையில் 32 விசை. மெய் 18, உயிர் 12, புள்ளி, இடைவெளி. ஒன்றுகூட மிஞ்சவில்லை, குறையவில்லை. ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் எண்களும் அடுத்த பக்கம். ‘க’ பார்த்து ‘இ’ பார்த்தால் ‘கி’. ஒரே மெய்யை இரண்டு தடவை பார்த்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘ந’ அடுத்து ‘த’ வந்தாலும் அப்படியே. அம்மா என்று எழுத நான்கு பார்வை. தண்ணீர் என்று எழுத ஆறு. விரலுக்காக யோசித்த இந்தச் சிக்கனம் கண்ணுக்கு இன்னும் பெரிய வரம். ஒவ்வொரு பார்வையும் அவளுக்கு உழைப்பு.

தமிழ்99-ன் விசை வரிசையை மட்டும் அப்படியே வைக்கவில்லை. அது பத்து விரலுக்கானது. கண்ணுக்குத் திரையின் நடுவில்தான் துல்லியம் அதிகம். கீழே பார்க்கும்போது மேல் இமை கண்பாவையின் பாதியை மூடிவிடுகிறது; கீழ் வரிசையில் பிழை இரண்டரை டிகிரி வரை போகும். அதனால் புள்ளி, இடைவெளி, க, த, இ, உ எல்லாம் நடுவில். அரிதாக வரும் ங, ஞ, ஔ மூன்றும் கீழ் வரிசையில். பேசு விசை, எழுத்தைக் குரலாக மாற்றும் ஈஸ்பீக் நிரல் வழியாக வாசிக்கிறது. இயந்திரக் குரல்தான், ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது.

அதில் அக்கா முதலில் எழுதிய முழு வாக்கியம் “கண் எரியுது நிறுத்து” என்பது. திரையை உற்றுப் பார்க்கும்போது அவள் இமைப்பது பாதியாகக் குறைந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மருத்துவரைக் கேட்டுச் செயற்கைக் கண்ணீர் சொட்டு ஆரம்பித்தோம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திரை தானாக மங்கி மூன்று நிமிடம் ஓய்வு. சொட்டு விட்ட உடனே கீழ் இமையோரத்தில் தேங்கும் நீரில் புதுப்புது ஒளிப்புள்ளிகள் முளைத்து நிரலைக் குழப்பின. கண்பாவைக்குப் பக்கத்தில், தமக்குள் 14 முதல் 20 பிக்ஸல் இடைவெளியோடு இருக்கும் ஜோடியை மட்டும் ஏற்றுக்கொள் என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் அடங்கியது.

இப்போது நிமிடத்துக்கு 20 முதல் 22 விசை வருகிறது. பலகையில் அதில் பாதிதான் வரும். இமை மாலையில் தளர்வதால் ஆறு மணிக்குப் பிறகு இன்னொரு கேலிப்ரேஷன் வேண்டியிருக்கிறது. ஒன்பது புள்ளிக்குப் பதிலாக நடுப்புள்ளி ஒன்றை மட்டும் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழியைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கேமராவை இன்னும் பத்து செ.மீ. கீழே இறக்கி, அண்ணாந்து பார்க்கும்படி வைத்தால் இமை மறைப்பது குறையும் என்று நினைக்கிறேன். அடுத்த சட்டம் அப்படித்தான் வெட்டப்போகிறேன்.

நேற்று எழுதிய ஏழு வரியும் விடுதியில் படிக்கும் அவள் மகளுக்கு. அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு ‘ஞ’ இருக்கிறது. பெயரை எழுதும் ஒவ்வொரு தடவையும் அக்கா கீழ் மூலையோடு மல்லுக்கட்டி, பக்கத்து விசை விழுந்து, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறாள். ஏழு வரியில் மூன்று இடத்தில் அந்தப் பெயர். கடைசி வரிக்குக் கீழே எனக்கு ஒரு வரி தனியாக இருந்தது: “தம்பி ஞ மேலே வை.” இன்று காலை ‘ஞ’-வை இரண்டாம் வரிசையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். அங்கே இருந்த ‘ஐ’ கீழ் மூலைக்குப் போயிருக்கிறது.